8 வயதில் எழுதிய கதை நோட்டு: பிழையைத் திருத்திப் படியெடுக்கலாமா, அப்படியே விடலாமா?

அரைப்பரீட்சை கேட்டது:

8 வயதில் எழுதிய கதை நோட்டு ஒன்று கையில் இருக்கிறது. கோடு போட்ட 40 பக்க நோட்டு, பக்கம் 16×20 செ.மீ. நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின், இரண்டும் துரு. எழுத்தெல்லாம் பென்சில், படங்கள் ஸ்கெட்ச் பேனா. ஒரு பக்கம் கிழிந்து செலோ டேப் ஒட்டியிருக்கிறது, டேப் பழுத்துவிட்டது. மொத்தம் 11 கதை. அதில் இரண்டு பாதியில் நிற்கின்றன.

இதை டைப் செய்து வைக்க வேண்டும். எழுத்துப்பிழை வரிக்கு இரண்டு இருக்கிறது, திருத்தினால் தப்பா? நோட்டை எப்படிப் பாதுகாப்பது? இந்தக் கதைகளில் ஏதாவது தேறுமா, இப்போது எடுத்துத் திரும்ப எழுதலாமா என்பதையும் சொன்னால் நல்லது. ஒரு கதை முழுதாக, உள்ளபடி:

"ஒரு ஊரில் ஒரு யாணை வாழ்ந்து வந்தது. அதுக்கு ஒரு நாள் தும்பிக்கை தொலஞ்சு போச்சி. அப்பறம் அது பூணை கிட்ட கேட்டது நீ பாத்தியா. பூனை சொன்னது நான் பாக்கள. அப்பறம் வாசம் புடிச்சி எரும்பு கிட்ட போச்சி. நீ பாத்தியா. எரும்பு சொன்னது என் வாசம் உனக்கு எப்பிடி தெரிஞ்சிது."

அவ்வளவுதான் கதை. "வாசம் புடிச்சி" மட்டும் வரிக்கு மேலே பொடியாக எழுதி, கீழே கூரை மாதிரி ஒரு குறி போட்டிருக்கிறது.

---

பழுப்புத்தாள்:

தாள் விஷயம் மட்டும் சொல்கிறேன், கதையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எதையும் தொடுவதற்கு முன் நோட்டை இருக்கிறபடியே விரித்து, ஒவ்வொரு விரிப்பையும் போனில் படம் எடுங்கள். வரிசைக்கு இதுதான் சாட்சி. பின்னைக் கழற்றியதும் 40 பக்கம் 10 தாளாகப் பிரியும். வெளித்தாளில் 1, 2, 39, 40. நடுத்தாளில் 19, 20, 21, 22. இருக்கிற பக்கங்களை ஒன்றிலிருந்து நீங்களே வரிசையாக எண்ணிக்கொண்டு, தாளின் ஒரே முகத்தில் இருக்கும் இரண்டு பக்க எண்ணைக் கூட்டினால் எப்போதும் 41 வர வேண்டும். வராவிட்டால் இடையில் ஒரு தாள் கிழித்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். குழந்தைகள் நோட்டில் இது சாதாரணம், ராக்கெட் விட நடுத்தாள்தான் முதலில் போகும்.

பின் கழற்ற, ஸ்டேப்ளரோடு வரும் பல்லுப் பிடுங்கி வேண்டாம். துருப்பிடித்த இடத்தைச் சுற்றித் தாள் நொறுங்கும் பதத்தில் இருக்கும், இழுத்தால் ஓட்டையோடு வந்துவிடும். நடு விரிப்பைத் திறந்தால் பின்னின் மடங்கிய கால்கள் தெரியும். காலுக்கும் தாளுக்கும் நடுவே பாலியெஸ்டர் ஃபிலிம் (மெல்லிய, கெட்டியான பிளாஸ்டிக் தாள்) துண்டு ஒன்றைச் செருகி, அதன் மேல் மொட்டையான மெல்லிய கத்தியை வைத்துக் காலை நெம்பி நிமிர்த்துங்கள். இரண்டு காலும் நிமிர்ந்தபின் நோட்டைத் திருப்பி, முதுகுப் பக்கமாகத் தூக்கி எடுங்கள். திரும்ப ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். பழைய ஓட்டையிலேயே வெள்ளைப் பருத்தி நூல் விட்டுத் தளர்வாக முடிச்சுப் போட்டால் போதும்.

விரித்த தாள் 32 செ.மீ. அகலம் வரும். ஏ4 ஸ்கேனரின் கண்ணாடி நீளம் 29.7 செ.மீ. தான், அதனால் ஒவ்வொரு பக்கமாகத்தான் ஸ்கேன் செய்ய முடியும். கலரில், டிஃப் கோப்பாக வையுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) என்றால் பக்கத்துக்குச் சுமார் 54 எம்பி, 40 பக்கத்துக்கு 2.1 ஜிபி ஆகும். 400 டிபிஐ என்றால் பக்கத்துக்கு 24 எம்பி, மொத்தம் 1 ஜிபிக்குள் அடங்கும். பென்சில் அழிப்பு இருக்கும் பக்கங்களை 600இல் எடுங்கள், மற்றதுக்கு 400 தாராளம். ஸ்கேனரில் "பின்னணி நீக்கு", "எழுத்தைத் தெளிவாக்கு" என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். தாளின் பழுப்பை வெளுக்கப் போய், அழித்த எழுத்தின் சாயலையும் சேர்த்துத் துடைத்துவிடும். மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள். வெள்ளை வைத்தால் இன்னும் மோசமாகும்.

அழித்த இடத்தைப் படிக்க ஸ்கேனர் உதவாது, ஏனென்றால் அதன் வெளிச்சம் தாளோடு தாளாகப் படிவதில்லை. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறையத் தாளோடு படுக்க வைத்து (10, 15 டிகிரி சாய்வு) படம் எடுங்கள். அந்த வயதில் பென்சிலை அழுத்திப் பிடிப்பார்கள். ரப்பர் கரியை எடுக்கும், பள்ளத்தை எடுக்காது. ஒரே இடத்தை நாலு திசையிலிருந்தும் எடுத்தால் ஒன்றில் இல்லாத கோடு இன்னொன்றில் விழும்.

டேப்பைப் பிய்க்க வேண்டாம். ஹேர் டிரையர் காட்டினால் பிசின் இளகித் தாளுக்குள்ளேயே இறங்கும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. பக்கத்துத் தாளில் ஒட்டாமல் இருக்க, ஸ்டிக்கரை உரித்தபின் மிஞ்சுமே அந்த வழுவழுப்பான தாள், அதில் ஒரு துண்டை இடையில் வையுங்கள்.

பென்சில் கரி வெளிச்சத்தில் மங்காது, உரசினால்தான் போகும். ஸ்கெட்ச் பேனா நேர்மாறு, வெயிலிலும் போகும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஊறும். எனவே சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் அசலை மாட்டாதீர்கள், அச்செடுத்து மாட்டுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. இறுக்கமான பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், அதன் நிலைமின்சாரம் பென்சில் தூளை இழுக்கும். அமிலமில்லாத தாளை மடித்து உறை மாதிரி செய்து, அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, வீட்டில் ஈரம் இல்லாத நடு அலமாரியில் வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 65ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சை வந்தே தீரும்.

---

ஒற்றைக்கொம்பு:

பிழை திருத்துவது பற்றி. திருத்தலாம், ஆனால் முதல் படியில் அல்ல. மூன்று தனித்தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்கேன் படம், எழுத்துக்கு எழுத்து உள்ளபடி எடுத்த படி, வாசிப்புக்கான படி. இரண்டாவதை முடிக்காமல் மூன்றாவதைத் தொடங்கினால் இரண்டாவது என்றைக்கும் முடியாது. அதுதான் வழக்கமாக நடக்கிறது.

உள்ளபடி எடுப்பது கேட்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம். முதல் எதிரி போன் கீபோர்டு. "யாணை" என்று அடித்தால் சத்தம் போடாமல் "யானை" ஆக்கிவிடும். தானாகத் திருத்துவதையும் சொல் பரிந்துரையையும் அணைத்துவிடுங்கள், முடிந்தால் கணினியில் அடியுங்கள். குரல்வழி டைப்பிங் இதற்கு உதவவே உதவாது, அது கேட்டதை எழுதாது, தனக்குத் தெரிந்த சொல்லை எழுதும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆரும் குழந்தைக் கையெழுத்துத் தமிழில் பெரும்பாலும் கைவிரிக்கும்.

இரண்டாவது எதிரி நம் கண். தெரிந்த சொல்லைப் பார்த்தவுடன் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். சரிபார்க்கும்போது பக்கத்தின் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கி வாருங்கள். பொருள் அறுந்துபோவதால் எழுத்து மட்டும் கண்ணில் படும். பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

நீங்கள் போட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் "பிழை" என்று ஒரே மூட்டையாகக் கட்டியதில் மூன்று ஜாதி இருக்கிறது.

யாணை, எரும்பு: மயங்கொலி. ந, ன, ண, ல, ள, ழ, ர, ற. இந்த வயதில் வருவதில் பெரும்பங்கு இதுதான். அதிலும் "பூணை" என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே "பூனை" என்று சரியாக எழுதியிருக்கிறது பாருங்கள். அதாவது எழுத்து தெரியாததல்ல, இன்னும் உறையவில்லை. திருத்தி எடுத்தால் இந்தத் தகவல் போய்விடும்.

தொலஞ்சு, போச்சி, பாத்தியா, எப்பிடி, தெரிஞ்சிது: இவை பிழையே இல்லை. காதில் விழுந்த பேச்சை அப்படியே எழுத்தில் பிடித்தது. வாசிப்புப் படியிலும் இதில் கை வைக்காதீர்கள். "தொலைந்து போயிற்று" என்று ஆக்கினால் அது வேறு யாரோ எழுதிய கதை.

பாக்கள: இது இரண்டும் கலந்தது. "பாக்கல" என்பது பேச்சு, அதில் "ள" வந்தது மயங்கொலி. வாசிப்புப் படியில் "பாக்கல" வரைக்கும் போகலாம், "பார்க்கவில்லை"க்குப் போகக் கூடாது.

அடித்தல் திருத்தலுக்குக் குறி முதலிலேயே முடிவு செய்து, கோப்பின் தலையில் எழுதிவையுங்கள். [அடித்தது: …], [மேலே சேர்த்தது: …], [அழித்தது: …], [தெளிவில்லை]. இந்த நாலு போதும். வரி எங்கே முடிகிறதோ அங்கே நீங்களும் வரியை முடியுங்கள். பக்க எண்ணைப் போடுங்கள். ஒரு சொல் வரி ஓரத்தில் இடமில்லாமல் உடைந்திருந்தால் அதையும் உடைத்தே எழுதுங்கள்.

டைப்பிங்கில் ஒரு கண்ணி: "கௌ" என்பதும் "கெ" போட்டுப் பக்கத்தில் "ள" போட்டதும் திரையில் ஒன்று போலவே இருக்கும், கணினிக்கு வேறு வேறு. பின்னால் தேடும்போது கிடைக்காது. அதே மாதிரி குழந்தை கொம்பு போட்டுத் துணைக்காலை விட்டிருந்தால் ("தொ" என்பதற்கு "தெ") அப்படியே "தெ" என்று அடியுங்கள், பக்கத்தில் விளக்கம் வேண்டாம். எழுத்தே இல்லாமல் கொம்பு மட்டும் தனியாக நின்றால் திரையில் புள்ளிவட்டம் வரும். அங்கே மட்டும் [கொம்பு மட்டும்] என்று சொல்லால் எழுதிவிடுங்கள்.

---

கதைமுடிச்சு:

தேறுமா என்று கேட்டீர்கள். இந்தக் கதை தேறும், அதுவும் நன்றாகவே.

பொதுவாகக் குழந்தைக் கதையை எடைபோட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஆர்தர் ஆப்பிள்பீ 1978இல் வந்த தன் ஆய்வில், சிறு குழந்தைகள் சொல்லும் கதைகளை ஆறு படியாகப் பிரித்தார். ஒன்றோடொன்று ஒட்டாத சேதிகளின் குவியல், ஒரே ஆளைச் சுற்றி வெறும் வரிசை, ஒரு மையத்தைச் சுற்றிய ஆரம்பக் கதை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி மையம் நழுவும் சங்கிலி, மையம் நழுவாத சங்கிலி, கடைசியாக முழுக்கதை. உங்கள் யானை முதலிலிருந்து கடைசிவரை நழுவவில்லை. தொலைத்தல், தேடல், கேட்டல் எல்லாம் அதற்குத்தான். ஆக ஐந்தாவது படி உறுதி. முடிவு தொடக்கத்துக்குத் திரும்பி வருவதால் ஆறாவதிலும் ஒரு கால் இருக்கிறது. இது மார்க் போடும் அட்டவணை அல்ல. மற்ற 10 கதையை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே.

அதைவிடச் சுவையானது நடை மாறும் இடம். "ஒரு ஊரில் … வாழ்ந்து வந்தது" என்பது கடன் வாங்கிய வாய். கேட்ட கதைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வாசல் அது. "அதுக்கு" என்ற சொல்லில் குழந்தையின் சொந்த வாய் திறக்கிறது. ஆனால் "கேட்டது", "சொன்னது" என்று வரும்போதெல்லாம் மறுபடி புத்தக நடை. யார் பேசினார்கள் என்பதற்குப் புத்தகத் தமிழ், என்ன நடந்தது என்பதற்குப் பேச்சுத் தமிழ். இந்தப் பிரிவு மற்ற கதைகளிலும் நிற்கிறதா என்று இரண்டு கலரில் கோடிட்டுப் பாருங்கள். அச்செடுத்ததில் போடுங்கள், அசலில் அல்ல.

இனி அந்த மேலே எழுதிய இரண்டு சொல். "வாசம் புடிச்சி" இல்லாமல் கதையைப் படியுங்கள். "அப்பறம் எரும்பு கிட்ட போச்சி" என்று இருந்தால், எறும்பு கேட்கிற கேள்வி அந்தரத்தில் நிற்கும். அது இருப்பதால்தான், தும்பிக்கை முகத்திலேயே இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. முடிவை எழுதிவிட்டு, முடிவுக்கு வேண்டிய விதை முன்னால் இல்லையே என்று கண்டுபிடித்து, திரும்பிப் போய் நட்டிருந்தால் அது எழுத்தாளர் வேலை. பிழை திருத்தி ஒழுங்காக டைப் செய்திருந்தால் இந்த இரண்டு சொல்லும் வரியோடு வரியாகக் கலந்து, நடந்ததே தெரியாமல் போயிருக்கும்.

இதைச் சோதிக்கலாம். 600 டிபிஐ ஸ்கேனில் கோட்டின் தடிமனைப் பாருங்கள். பென்சில் எழுத எழுத மழுங்கும். செருகிய சொல்லின் கோடு, சுற்றியிருக்கும் வரியைவிடத் தடித்து, கடைசி வரியின் தடிமனோடு பொருந்தினால், முடிவுக்குப் பிறகு செருகியது. சுற்றியுள்ள வரியோடு பொருந்தினால் எழுதும்போதே விட்டதைச் சேர்த்தது, அதில் விசேஷமில்லை. நடுவில் சீவியிருந்தால் இந்தச் சோதனை பொய்க்கும், அதையும் கவனியுங்கள்.

முடிவுகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கதை சட்டென்று நின்றால் உடனே "நுட்பமான முடிவு" என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தின் கடைசி வரியில் நிற்கிறதா, கடைசி மூன்று வரி நெருக்கி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தாள் தீர்ந்ததால் முடிந்த கதைகள்தான் அதிகம். பாதியில் நிற்கும் இரண்டையும் அப்படியே சோதியுங்கள்.

திரும்ப எழுதுவதானால், பெரியவர்கள் கெடுக்கும் இடம் எப்போதும் கடைசி வரி. "அப்போதுதான் யானைக்குப் புரிந்தது, தும்பிக்கை தன்னிடமே இருக்கிறது என்று" என ஒரு வாக்கியம் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் எறும்பு செத்தது. அடுத்த ஆபத்து, பூனைக்கும் எறும்புக்கும் நடுவே கிளி, குரங்கு, நரி என்று ஆள் கூட்டுவது. கேட்டு இல்லை என்று சொல்ல இன்னும் ஒரே ஒரு மிருகம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. நீங்கள் செய்யக்கூடியது பூனையின் பதிலை இன்னும் பூனைத்தனமாக ஆக்குவது மட்டும்தான்.

---

வெள்ளைத்தாள்:

கொஞ்சம் பொறுங்கள். அந்தச் செருகல் குழந்தை கைதானா? வீட்டில் பெரியவர் யாராவது படித்துவிட்டு, "எறும்புக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதலையே" என்று சேர்த்திருக்கலாம். தடிமனுக்கு முன்னால் எழுத்துருவத்தைப் பாருங்கள். "ச", "வா", "புடி"யின் "டி", இவை மூன்றும் அதே பக்கத்தில் வேறு எங்காவது வந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். "டி"யின் மேல்விலங்கு (எழுத்தின் மேல் வளையும் கோடு) எங்கே தொடங்குகிறது என்பதைப் பெரியவர்கள் குழந்தை மாதிரி போடுவது அபூர்வம். "வா" துணைக்காலின் உயரமும் அப்படித்தான்.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. டெய்சி ஆஷ்ஃபோர்ட் 9 வயதில், 1890இல் எழுதிய நாவல் 1919இல் அச்சில் வந்தபோது, முன்னுரை எழுதிய, "பீட்டர் பான்" எழுதிய ஜே. எம். பாரியே அதை எழுதியிருப்பார் என்று பலர் பேசினார்கள். பதிப்பாளர் அதில் எழுத்துப்பிழைகளைத் திருத்தவில்லை, தலைப்பிலேயே ஒன்று இருக்கிறது (The Young Visiters, Visitors அல்ல). அதனால் திருத்தாமல் விடுவது ஏதோ ஆராய்ச்சிக்காரர் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம், கடையில் விற்ற புத்தகமே அப்படித்தான் வந்தது.

இன்னொன்று. அசலில் இன்றைக்கு நீங்கள் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தன் சிறுவயது எழுத்துகளை மூன்று நோட்டில் அழகாகப் படியெடுத்து வைத்தார், பின்னாளில் செய்த திருத்தங்களும் அதே நோட்டுகளில் இருக்கின்றன. எது சிறுமி எழுதியது, எது வளர்ந்தவர் எழுதியது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையை உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ள வேண்டாம்.

முன்னால் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று: மற்ற 10 கதையைப் படிப்பதற்கு முன், ஒவ்வொன்றும் என்ன கதை என்று நினைவிருக்கிறதோ அதை இரண்டு வரி தேதியோடு எழுதிவிடுங்கள். ஒரு தடவை படித்துவிட்டால் நினைவு எது, இப்போது படித்தது எது என்று பிரிக்க முடியாது.

---

அரைப்பரீட்சை:

அந்தப் பக்கத்தை மட்டும் 600இல் எடுத்துப் பார்த்தேன். செருகலுக்கு வெளியே "டி" "எப்பிடி"யில் வருகிறது, அங்கே மேல்விலங்கு எழுத்தைத் தொடாமல் தள்ளி நிற்கிறது, செருகலிலும் அப்படியே. தடிமன் கடைசி வரியோடு பொருந்துகிறது, சுற்றியுள்ள வரி மெலிசு. கதைக்குக் கீழே ஏழு வரி காலியாக இருக்கிறது, அதனால் தாள் தீர்ந்து நின்றதில்லை.

டார்ச் வைத்தும் எடுத்தேன். கடைசி வரி எழுதிய அதே இடத்தில், எழுத்துக்கு அடியில் அழித்த தடம் இருக்கிறது. இடப்பக்க வெளிச்சத்தில் "எரும்பு சொன்னது நா", மேல்பக்க வெளிச்சத்தில் அதற்கு அப்புறம் "பா", "ள" இரண்டும் தெரிகின்றன. நடுவில் இருப்பது எந்தப் படத்திலும் விழவில்லை. "நான் பாக்கள" என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. இதை எப்படிக் குறிப்பது?

---

கதைமுடிச்சு:

அப்படியானால் முதலில் எறும்பும் பூனை மாதிரியே "நான் பாக்கள" என்றுதான் சொல்லியிருக்கிறது! அதை அழித்து, கேள்வியை வைத்து, பிறகு மேலே போய் வாசத்தைச் செருகியிருக்கிறது. மூன்று தடவை கை வைத்திருக்கிறது. மற்ற கதைகளில் அழித்த இடம் ஒன்றையும் விடாதீர்கள்.

---

ஒற்றைக்கொம்பு:

தோன்றுவதை எழுதாதீர்கள், தெரிவதை மட்டும் எழுதுங்கள். உறுதியாகத் தெரியும் எழுத்து வெளியே, ஊகம் கேள்விக்குறியோடு உள்ளே. வரிகளை நான் ஊகித்து உடைத்திருக்கிறேன், நோட்டில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

அப்பறம் [மேலே சேர்த்தது: வாசம் புடிச்சி] எரும்பு கிட்ட
போச்சி. நீ பாத்தியா. [அழித்தது: எரும்பு சொன்னது நா(ன்?) பா(க்க?)ள]
எரும்பு சொன்னது என் வாசம் உனக்கு எப்பிடி
தெரிஞ்சிது.

டார்ச் படங்களை அழிக்காமல், எந்தப் பக்கத்து வெளிச்சம் என்று கோப்புப் பெயரிலேயே போட்டு வையுங்கள்: "பக்கம்17_இடம்", "பக்கம்17_மேல்". பக்க எண்ணுக்கு மட்டும் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.